சினிமா நெகட்டிவை வீட்டில் கழுவலாமா?



தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். படம் தொடங்கும்போது 'ஈஸ்ட்மென் கலர்' என்று ஓர் எழுத்து வரும். பிறகு ஜெமினி கலர் லேப் என்றோ, பிரசாத் கலர் லேப் என்றோ வரும். 'லேப்' என்றால் படச்சுருளைக் கழுவும் கூடம். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸிலிருந்து வந்தது. அது கேவா கலர். பின்னர் வந்த படங்களில் பெரும்பாலானவை ஈஸ்ட்மென் கலர்.

அந்தச் சினிமா நெகட்டிவ் 35 மில்லிமீட்டர் அகலம் உள்ளது. சாதாரணக் கேமராவில் போடும் சுருளும் அதே அகலம்தான். ஆகவே, படப்பிடிப்பில் மிஞ்சிய துண்டுகளை வாங்கிக் கேமராவில் போட்டுப் படம் எடுக்கும் இளைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். எடுப்பது எளிது, கழுவுவதில்தான் சிக்கல்.

சினிமா நெகட்டிவின் முதுகில் கறுப்பாக ஒரு பூச்சு இருக்கிறது. அது கரித்தூள். நாம் வெட்டிய பால் ரப்பராகி, டயராகும்போது கறுப்பாகிறதே, அதற்குக் காரணம் ரப்பர் அல்ல, அதில் கலக்கும் கரித்தூள். அதே இனத்துக் கரிதான் இங்கேயும். சினிமாக் கேமராவில் நொடிக்கு 24 படம் என்ற வேகத்தில் சுருள் ஓடும். அப்போது உராய்வால் மின்பொறி பறக்காமலும், கீறல் விழாமலும், உள்ளே போன வெளிச்சம் எதிரொலித்துத் திரும்பாமலும் இந்தப் பூச்சு காக்கிறது.

இதை அறியாமல் ஒரு தம்பி அந்தச் சுருளைப் பட்டணத்துக் கடையில் கொடுத்தால் என்ன ஆகும்? கரி கரைந்து இயந்திரத்தின் மருந்தில் கலக்கும், உருளைகளில் ஒட்டும். அவருடைய படம் மட்டும் கெடாது. அதே மருந்தில் அடுத்துப் போகும் இன்னொரு குடும்பத்தின் கல்யாணப் படமும் புள்ளி விழுந்து கெடும். கல்யாணத்தை மறுபடி நடத்த முடியாது. ஆகவே கடையில் கொடுப்பவர், இது சினிமா நெகட்டிவ் என்று வாய் திறந்து சொல்லிவிட வேண்டும். கோடாக் நிறுவனம் 2025இல் கரிப்பூச்சு இல்லாத புதிய சினிமாச் சுருளைக் கொண்டுவந்திருக்கிறது. எந்த வகை என்று பார்த்துக்கொள்வதும் அவசியம்.

சரி, வீட்டில் எப்படிக் கழுவுவது? பால் ஸ்டோர் வேலை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பால் உறையாமல் இருக்க அம்மோனியா விடுவோம், அது காரம். உறைய வைக்கத் திராவகம் விடுவோம், அது அமிலம். படம் கழுவுவதிலும் காரம் வேலையைத் தொடங்குகிறது, அமிலம் நிறுத்துகிறது.

முதலில், முழு இருட்டில் சுருளை வெளிச்சம் புகாத டப்பாவில் ஏற்ற வேண்டும். சிவப்பு விளக்கும் கூடாது. டப்பாவை மூடியபின் மற்ற வேலைகளை வெளிச்சத்திலேயே செய்யலாம்.

அடுத்து, கரியை இளக்கும் காரக் கரைசல். ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தட்டார் பயன்படுத்தும் வெண்காரம் 20 கிராம், சோடியம் சல்பேட் 100 கிராம், காஸ்டிக் சோடா 1 கிராம். இதை ஊற்றிக் குலுக்கி, பிறகு தண்ணீர் மாற்றி மாற்றிக் குலுக்க வேண்டும். முதல் தண்ணீர் மை போல வரும். தெளிந்த தண்ணீர் வரும்வரை விடக்கூடாது.

அதன்பின் டெவலப்பர் மருந்து. நெகட்டிவில் மூன்று அடுக்குகள் உண்டு. நீல ஒளி பட்ட அடுக்கில் மஞ்சளும், பச்சை ஒளி பட்ட அடுக்கில் கருஞ்சிவப்பும், சிவப்பு ஒளி பட்ட அடுக்கில் நீலப்பச்சையும் இந்த மருந்தால் உண்டாகின்றன. சினிமா நெகட்டிவுக்கு உரிய மருந்து சி.டி.3. வெப்பம் 41.1 டிகிரி, நேரம் 3 நிமிடம். கடைச் சுருளுக்கு உரியது சி.டி.4, 37.8 டிகிரி, 3 நிமிடம் 15 வினாடி. ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டாலும் படம் வரும். ஆனால் நிறம் இயல்பாக இராது. மருந்துப் புட்டியையும் டப்பாவையும் வெந்நீர்த் தொட்டியில் நிறுத்தி, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெப்பம் குறைந்தால் படம் வெளிறிவிடும்.

மூன்று நிமிடம் ஆனதும் அமிலம். லேப்களில் கந்தக அமிலம் சேர்ப்பார்கள். வீட்டில் அது வேண்டாம். நீர்த்த வினிகர் போதும். எந்த அமிலமானாலும் தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது.

பிறகு பிளீச், அதன்பின் ஃபிக்ஸர். இந்த இரண்டும் சேர்ந்து வெள்ளியை நீக்கிவிடும். நிறம் மட்டும் நிற்கும். நன்றாக அலசி எடுத்தபின், முதுகுப் பக்கத்தில் மிச்சக் கரி இருந்தால் ஈரப் பஞ்சால் மெதுவாகத் துடைக்கலாம். படம் உள்ள பக்கத்தைத் தொடக்கூடாது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. டெவலப்பர் தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் புண்ணும் வரும். கையுறை வேண்டும், சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். சமையல் சட்டி, குழந்தை குடிக்கும் குவளை எதையும் இதற்கு எடுக்கக்கூடாது. எடுத்தால் திரும்பச் சமையலறைக்குப் போகக்கூடாது. வெண்காரம் சர்க்கரை போலத் தோன்றும். பெயர் எழுதி உயரத்தில் வையுங்கள். பழைய கரைசலைக் கிணற்றோரத்திலோ கால்வாயிலோ கொட்டாதீர்கள். ஃபிக்ஸரில் கரைந்த வெள்ளி இருக்கிறது, மீனுக்கு ஆகாது. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளில் இதுவும் சேர்ந்திருக்கிறது. புட்டியில் மூடி வைத்து, படம் கழுவும் கடையிடம் கேட்டுச் சேர்ப்பதே முறை.

கடைசியாக ஒன்று. முதன்முதலில் கழுவும் சுருளில் தங்கையின் கல்யாணத்தை எடுக்காதீர்கள். வாசல் வாழைமரத்தை எடுங்கள். அது கெட்டால் நாளைக்கும் அங்கேயே நிற்கும்.