மூன்று சொல், ஒரு தோல்

மேல்விஷாரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கடிதம் எழுதியிருக்கிறார். டேனரி ஒன்றின் ஏற்றுமதிப் பிரிவுக்கு விண்ணப்பிக்கப் போகிறாராம். ஸ்கின், ஹைட், லெதர் மூன்றுக்கும் அகராதி ‘தோல்’ என்றே பொருள் தருகிறது, எதை எங்கே எழுதுவது என்று கேட்கிறார்.

முதல் இரண்டும் விலங்கைப் பொறுத்தவை. வெள்ளாடு, செம்மறி என்றால் ஸ்கின். மாடு, எருமை என்றால் ஹைட். இந்த வேறுபாடு வேலையிலும் தெரியும். ஹைட் தடிமனானது. இயந்திரக் கத்தியில் அதை இரண்டு அடுக்காகப் பிளந்து எடுப்பார்கள். ஆட்டுத் தோலைப் பிளக்கும் தேவை பெரும்பாலும் வராது.

லெதர் விலங்கைச் சொல்வதில்லை, நிலையைச் சொல்கிறது. பச்சைத் தோல் ஈரத்தில் அழுகும். 60 டிகிரியைத் தாண்டிய வெந்நீரில் சுருண்டுவிடும். குரோமிய உப்பு அதன் கொலாஜன் நார்களைப் பிணைத்துவிட்டால் கொதிநீரையே தாங்கும். அதனால்தான் குரோமியத்தில் பதனிடும் டேனரியில் ஓரத்திலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டுப் பார்க்கிறார்கள். சுருங்காவிட்டால் அது லெதர். மிருதங்கத்தில் கட்டியிருப்பது பதனிடாத தோல் என்பதால் அதை லெதர் என்று எழுதக் கூடாது.

எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு தென்னை உண்டு. குரும்பை உதிர்ந்தால் பாட்டிக்குக் கவலை, இளநீர் விருந்தாளிக்கு, தேங்காய் அடுக்களைக்கு, கொப்பரை செக்குக்கு. ஒரே காய்க்கு இத்தனை பெயர் வைத்தது அதைக் கையாண்டவர்கள்தான். தோலுக்கும் அப்படியே.

எனக்கு மிகவும் பிடித்த சொல் நான்காவது: கிப். ஐரோப்பாவில் கன்றைவிடப் பெரிய, முழு மாட்டைவிடச் சிறிய இளம் மாட்டின் தோலுக்கு அந்தப் பெயர். நம் நாட்டு மாடுகளோ உருவத்தில் சிறியவை. வளர்ந்த மாட்டின் தோலே அந்த அளவுக்குத்தான் வரும். ஆகவே சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையில் ஊறி, கடுக்காயில் முடிந்து லண்டன் ஏலத்துக்குப் போன தோல்களுக்கு ‘ஈஸ்ட் இந்தியா கிப்’ என்று பெயர் நிலைத்தது. அங்கே வயதைக் குறித்த சொல் இங்கே இனத்தின் உருவத்தைக் குறித்தது. எந்த ஊர்ச் சரக்கு என்று தெரியாமல் அகராதியை மட்டும் பார்ப்பவருக்கு இது பிடிபடாது.

பள்ளியில் இவற்றை ‘ஒரே பொருள் தரும் சொற்கள்’ என்று ஒரே வரியில் எழுதி மனப்பாடம் செய்ய வைக்கிறோம். எனக்கு இது வருத்தம் தருகிறது. மேல்விஷாரம் தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீமின் பெயரில் 1965லேயே கல்லூரி கண்ட ஊர். அங்கே படிக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் வீட்டில் தந்தையோ மாமாவோ தோலைத் தொட்ட மாத்திரத்தில் ரகம் சொல்லிவிடுவார். அந்த அறிவை ஆங்கில வகுப்பு ஒருநாளும் கேட்பதில்லை. கோனார் உரையில் இருப்பதைத்தான் கேட்கிறது.

சுங்கத்துறையில் இந்த அலட்சியம் செல்லாது. பச்சைத் தோலுக்கு 4101 முதல் 4103 வரை தலைப்புகள்; பதனிட்டு ஈர நிலையில் வெட் புளூவாகவோ உலர்ந்த நிலையில் கிரஸ்ட்டாகவோ இருந்தால் 4104 முதல் 4106; அதற்கும் மேல் வேலை முடிந்தால் மாட்டுக்கு 4107, செம்மறிக்கு 4112, வெள்ளாட்டுக்கு 4113. சொல் மாறினால் தலைப்பு மாறும், தலைப்பு மாறினால் வரியும் அனுமதியும் மாறும்.

ஆகவே தங்கையே, எழுதும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த விலங்கு? பதனிட்டாயிற்றா? ‘கோட் ஸ்கின்’ பதனிட்டு முடிந்தபின் ‘கோட் லெதர்’. ‘கவ் ஹைட்’ மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பதனிட்ட பிறகும், பை, பெல்ட் விற்கும் கடைகளில் அதே பெயரோடு நிற்கும். விளம்பரத்தில் அது இருக்கட்டும், நீங்கள் தயாரிக்கும் இன்வாய்ஸில் ‘கவ் லெதர்’ என்றே எழுதுங்கள்.