கைப்பெட்டியில் ஓர் ஆய்வுகூடம்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும், கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் வழங்குவர். ஞாயிறு படும் பக்கம் வயல்கள். எழும் பக்கம் நகரும் போதனா வைத்தியசாலையும். 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையில் ஓடமே துணை. பாலம் அமைந்த பின்னரும் மாரி வெள்ளம் வயல் வீதிகளை மூடுவதுண்டு. டெங்குக் காய்ச்சல் இங்கு பெருகுவதும் அம்மாரியை ஒட்டியே. 2017இல் இலங்கை முழுவதிலும் 186,000 பேருக்கு மேல் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாயிற்று.

வயலிலிருந்து காய்ச்சலோடு திரும்பும் உழவனுக்கு வந்திருப்பது டெங்கா, எலிக்காய்ச்சலா? முதல் நாட்களில் முகத்தைப் பார்த்துச் சொல்லுதல் அரிது. எலிக்காய்ச்சல் பக்டீரியாவால் வருவது, அதற்கு மருந்துண்டு. டெங்கு வைரசைக் கொல்லும் மருந்தோ இல்லை. உடலின் நீரை அளந்து பேணுவதே சிகிச்சை. காய்ச்சல் தணியும் வேளையிலேதான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ஆபத்து நேர்கிறது. சுகம் கண்டுவிட்டதென்று வீட்டார் மகிழும் நாளும் அதுவே.

நோயை முன்னரே அறிய வழியென்ன? டெங்கு வைரசின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. துளி இரத்தத்தில் அது மிகச் சிறிதளவே இருக்கும். அதனை முதலில் டி.என்.ஏ.யாக மாற்றிப் பின் பெருக்க வேண்டும். பெருக்கும் முறையை 1983இல் கரி மல்லிஸ் என்னும் அமெரிக்கர் கண்டார். 95 பாகை வரை சூடாக்குவதும் 60 பாகையளவில் ஆற்றுவதுமாகச் சுற்றுகள் தொடர, ஒவ்வொன்றிலும் தொகை இரட்டிக்கும். முப்பதாம் சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். சதுரங்கப் பலகையில் நெல்மணி வைத்த கதையைக் கேட்ட சிறுவனுக்கும் இக்கணக்கு விளங்கும்.

முன்பு இதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியிருந்தது. இந்தியாவில் உருவான ட்ரூநாட் கருவியோ மின்கலத்தில் இயங்குவது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் விடை தருவது. 2020இல் இந்தியாவில் கொரோனாவைக் கண்டறியவும் அது பயன்பட்டது. ஜப்பானியர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றொரு முறை 65 பாகையளவிலான ஒரே வெப்பத்தில் நடைபெறுவதால், கருவி இன்னும் எளிதாகிறது.

இத்தகைய சோதனையால் டெங்கின் நான்கு வகைகளுள் எதுவென்றும் பிரித்தறியலாம். முன்பு ஒரு வகையால் நோயுற்றவரை வேறு வகை தாக்கினால் நோய் கடுமையாகக் கூடும். ஆதலால் இது வீண் ஆராய்ச்சியன்று. ஆயினும் கருவியை மட்டும் நம்புவது பேதைமை. காய்ச்சல் தொடங்கி ஐந்து நாட்களுக்குள் எடுத்த இரத்தமே இதற்கு உகந்தது. அதன்பின் வைரசு இரத்தத்தினின்று மறையத் தொடங்கும். அப்போது ‘இல்லை’ என்று வரும் விடை டெங்கு இல்லை என்பதாகாது. அந்நிலையில் பிறபொருளெதிரியைத் தேடும் சோதனை வேண்டும். இரத்தத் தட்டுக்களின் எண்ணிக்கையும் நாள்தோறும் பார்க்கப்பட வேண்டும்.