தாய் நாயின் தாகம்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் மனிதருக்கும் விலங்குக்கும் தாகம் மிகுதி. ஆயினும், குட்டிக்கென வளர்க்கும் பெட்டை நாய், பருவம் கழிந்த சில வாரங்களில் அளவுக்கு மீறி நீர் அருந்துமாயின், வெயிலின் மீது பழியைப் போட்டு வாளாவிருத்தல் ஆகாது. கருப்பையில் சீழ் கட்டியதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

பருவத்தின் பின், சினைப்பட்டாலும் படாவிட்டாலும், ஏறக்குறைய 2 மாதம் புரொஜெஸ்தரோன் என்னும் ஓமோன் நாயின் உடலில் மிகுந்து நிற்கிறது. அதனால் கருப்பையின் உட்சுவர் தடிக்கிறது. உட்புகுந்த பக்டீரியா அங்கே எளிதிற் பெருகுகிறது. சுவீடனில் காப்புறுதி செய்யப்பட்ட நாய்களை ஆராய்ந்தபோது, பெட்டைகளுள் ஏறக்குறைய நாலில் ஒன்று 10 வயதுக்குள் இந்நோய்க்கு ஆளானமை தெரியவந்தது.

கருப்பை வாய் திறந்திருப்பின் துர்நாற்றமுள்ள சீழ் வெளிப்படும். மூடியிருப்பின் ஒன்றும் வெளிப்படாது; வயிறு வீங்கும், வாந்தியும் சோர்வும் தோன்றும். அந்த வீக்கத்தைச் சினையென்று எண்ணி மகிழ்ந்தால் பேராபத்து விளையும்.

கருப்பையையும் சூலகங்களையும் அகற்றும் சத்திரசிகிச்சையே உறுதியான பரிகாரம். வாய் திறந்துள்ள, உடல்வலு குன்றாத இளம் நாய்க்கு மட்டும் மிருக வைத்தியர் நுண்ணுயிர்கொல்லியும் புரொஸ்டகிளாண்டின் ஊசியும் கொடுத்துக் கருப்பையைக் காக்க முயலலாம். எனினும் நோய் மீளக்கூடும்.

ஆகவே, பருவம் வந்த திகதியைக் குறித்து வையுங்கள். தாகம் மிகுந்தால் அன்றே வைத்தியரை நாடுங்கள். குட்டிகளின் விலையை எண்ணித் தயங்கும் ஒவ்வொரு நாளும் தாயின் ஆயுளிலிருந்தே கழிகிறது.