கரண்ட் பழகிய உடம்பு: திண்டிவனத்தில் அன்றும் இன்றும்

திண்டிவனம் பக்கத்தில் பிசியோதெரபிக்குப் போய்விட்டு வந்தவரிடம் அங்கே என்ன செய்தார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "கரண்ட் வெச்சாங்க." காலை மடக்கி நீட்டச் சொன்னது, தொடையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னது எல்லாம் நினைவிலேயே இருக்காது. மல்லாட்டைக் கொல்லையில் குந்தி உட்கார்ந்து காய் பறித்தே தேய்ந்த முழங்காலுக்கும், மரக்காணம் உப்பளத்தில் குனிந்து உப்பு வாரிய இடுப்புக்கும் கரண்ட்தான் வைத்தியம் என்பது ஊரின் நம்பிக்கை. அந்தக் கரண்ட்டுக்கும் உடம்பு பழகிவிடும் என்பதைத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்தப் பேச்சே இங்கே கிடையாது. இடுப்புப் பிடித்தால் சுளுக்கு வழிக்கிறவரிடம் போவார்கள். தவிட்டு ஒத்தடம், நொச்சி வேது, எண்ணெய்த் தேய்ப்பு என்று வீட்டோடு முடித்துக்கொள்வார்கள். எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டு. மின்சாரம் வைக்கும் சிகிச்சை வேண்டுமென்றால் பாண்டிச்சேரி ஜிப்மருக்கோ சென்னைக்கோ பஸ் ஏற வேண்டும். இன்னும் பெரிய சிக்கல் என்றால் வேலூர் சி.எம்.சி.தான். கார் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே மருத்துவம் பார்த்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966-ல் அங்கே மறுவாழ்வு மையம் உருவானது. வட தமிழ்நாட்டில் போலியோ தாக்கிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன பெற்றோர் பலருக்கு அந்த இடம் தெரியும்.

அன்றைய மெஷின் பேரடிக், கால்வனிக் என்று இரண்டு வகைக் கரண்ட் தரும் ஒரு பெட்டி. உப்புத் தண்ணீரில் நனைத்த துணிப் பட்டையை முதுகில் வைத்துக் கட்டுவார்கள். பேனா போன்ற இன்னொரு முனையை நலிந்த தசையின் மேல் ஒற்றி எடுப்பார்கள். ஒவ்வொரு ஒற்றலுக்கும் தசை வெட்டும். சூம்பிய காலில் ஒரு துடிப்பைப் பார்த்ததும் தாய்க்கு உயிர் வரும். ஆனால் போலியோவில் செத்துப்போன நரம்பணுவை எந்தக் கரண்ட்டும் எழுப்பாது. தசை சுருங்குவது வேறு, பிள்ளை தானே காலை அசைப்பது வேறு. அந்த வேதனையான காத்திருப்புக்கு முடிவு கட்டியது மெஷின் அல்ல, சொட்டு மருந்து. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27-ல் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது.

உடம்பு கரண்ட்டுக்குப் பழகும் என்பது அந்தக் காலத்துச் சிகிச்சையாளர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சொல்லப்போனால் அவர்கள் அதை ஒரு கருவியாகவே வைத்திருந்தார்கள். கரண்ட்டை மெதுவாக ஏற்றினால் நரம்பு சிலிர்ப்பதில்லை. நரம்பிழையின் சவ்வில் சோடியம் நுழையும் நுண்வாசல்கள் உண்டு. ஏற்றம் மெதுவாக இருந்தால், நரம்பு கிளர்ந்தெழுவதற்குள் அந்த வாசல்களில் பல செயலற்றுப் போய்விடும். ஆகவே சட்டென்று ஏறும் துடிப்பு வேண்டும். பேரடிக் கரண்ட் அப்படிப்பட்டது. ஆனால் நரம்புத் தொடர்பு அறுந்த தசைக்கு இந்தப் பழகும் திறன் மிகக் குறைவு. ஆகவே மெதுவாக ஏறும் முக்கோணத் துடிப்பைக் கொடுத்தால் பக்கத்திலிருக்கும் நல்ல தசை சும்மா இருக்கும், நோயுற்ற தசை மட்டும் அசையும். முகவாதத்தில் கண்ணுக்கும் வாய்க்கும் அருகே எந்தத் தசை நரம்பை இழந்திருக்கிறது என்று இப்படித்தான் பிரித்துப் பார்த்தார்கள். கையால் தொட்டு, கண்ணால் பார்த்துச் செய்த அந்த வேலைப்பாட்டின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

வலிக்கு மின்சாரம் என்பது இன்னும் பழைய சங்கதி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரி மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், மின்சாரம் பாய்ச்சும் கடல்மீனைக் கீல்வாத நோயாளியின் காலடியில் வைக்கச் சொன்னார். அது ஏன் வலியைக் குறைக்கிறது என்பதற்கு ஏற்கத்தக்க விளக்கம் 1965-ல்தான் வந்தது. தொடுகை நரம்புகள் வழியாகப் போகும் சேதி, தண்டுவடத்தில் வலிச் சேதியைத் தடுத்து நிறுத்துகிறது என்றார்கள் ஆய்வாளர்கள் மெல்சாக்கும் வாலும். டென்ஸ் என்கிற சிறிய மெஷின் அந்தக் கருத்திலிருந்து வளர்ந்தது. இன்று நம்மூர் கிளினிக்குகளில் ஐ.எஃப்.டி. என்று சொல்லப்படும் முறைக்கு 1950-களில் வியன்னாவில் வழிகாட்டியவர் ஹான்ஸ் நெமெக். 4000 ஹெர்ட்ஸில் ஒன்று, 4100 ஹெர்ட்ஸில் ஒன்று என்று இரண்டு கரண்ட்களைக் குறுக்காகச் செலுத்தினால், அவை கலக்குமிடத்தில் 100 ஹெர்ட்ஸ் துடிப்பு உண்டாகும்.

இன்று அதற்காகப் பாண்டிச்சேரி போக வேண்டியதில்லை. திண்டிவனத்திலேயே வைத்துக்கொள்ளலாம். ஓர் ஆயா கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருக்கிறார். முழங்காலைச் சுற்றி நான்கு பேட். பிசியோ பெண் குமிழைத் திருப்பிக்கொண்டே, "தெரியுதா ஆயா?" என்கிறார். "தெரியுது பாப்பா, சுருசுருன்னு இருக்கு." ஐந்து நிமிடம் போயிருக்காது. "கரண்ட்டு வரலியே, இன்னும் கொஞ்சம் ஏத்து." மெஷினில் அளவு மாறவே இல்லை, மாறியது ஆயாவின் உணர்வு. மேம்பாலத்தடியில் கடை போட்டிருப்பவரின் காதில் பஸ் ஹாரன் விழாமல் போவது போல, மாறாத சேதியை மூளை ஒதுக்கி வைத்துவிடுகிறது. இப்போதைய மெஷின்கள் துடிப்பின் வேகத்தையும் அகலத்தையும் தாமாகவே மாற்றி மாற்றிக் கொடுப்பது இதற்காகத்தான்.

இது நிமிடக் கணக்கில் வரும் பழக்கம். நாள் கணக்கில் வரும் பழக்கம் வேறு, அது ஆழமானது. டென்ஸ் வைக்கும்போது உடம்பு தனக்குள் ஊறும் வலிநிவாரணிகளைக் கொண்டே வலியைத் தணிக்கிறது. அபின் மருந்துகள் போய் ஒட்டும் அதே ஏற்பிகளில்தான் இவையும் வேலை செய்கின்றன. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் கேத்லீன் ஸ்லூகாவின் குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வில், எலிகளுக்குத் தினமும் ஒரே மாதிரி டென்ஸ் கொடுத்தபோது நான்காம் நாளுக்குள் பலன் போய்விட்டது. 2011-ல் மனிதர்களிடம் செய்த ஆய்விலும் தினப்படி உபயோகத்தில் ஐந்து நாளுக்குள் அதே தேய்வு தெரிந்தது. குறைந்த வேகம் ஒரு வகை ஏற்பியையும் அதிக வேகம் இன்னொரு வகையையும் தூண்டுவதால், இரண்டையும் கலந்து கொடுத்தால் பழகுவது தள்ளிப்போகிறது. அளவை நாளுக்கு நாள் சிறிது ஏற்றினாலும் தள்ளிப்போகிறது. ஆகவே ஏற்றச் சொன்ன ஆயா சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஏற்ற வேண்டியவர், காலைத் தொட்டுப் பார்த்த சிகிச்சையாளர்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கரண்ட் தெரியாமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சர்க்கரை நோய் நீண்ட நாள் இருந்தால் கால் நரம்பு மரத்துப்போகும். அப்படிப்பட்ட காலில் "தெரியல" என்பது பழக்கத்தால் வந்ததல்ல, இழப்பால் வந்தது. அங்கே குமிழைத் திருப்பினால் தோல் வெந்து போகலாம், வெந்ததும் தெரியாது. அன்று தொழுநோயில் மரத்த கைகால்களோடு பழகிய சிகிச்சையாளர்கள் முதலில் உணர்ச்சியைச் சோதித்துவிட்டுத்தான் பேட் வைப்பார்கள். சூடான குழாய், குளிர்ந்த குழாய் என்று மாற்றி மாற்றித் தொட்டுக் கேட்பார்கள். வீட்டுக்கு வீடு சர்க்கரை இருக்கும் இந்நாளில் அந்த இரண்டு நிமிடச் சோதனை முன்னைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. கூட்டம் நிற்கும் இடங்களில் முதலில் விட்டுப்போவதும் அதுதான்.

பழகுவது எல்லாமே நஷ்டமும் இல்லை. 1969-ல் ஆய்வாளர்கள் சால்மன்ஸும் வெர்போவாவும், நீண்ட நாள் மெதுவான துடிப்பைக் கொடுத்தால், வேகமாகச் சுருங்கிச் சீக்கிரம் சோரும் தசை, சோராமல் உழைக்கும் தசையாகத் தன்னை மாற்றிக்கொள்வதைக் காட்டினார்கள். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தொடைத் தசை ஒத்துழைக்க மறுக்கும்போது கரண்ட் வைத்து அதை எழுப்புவது இன்றும் நல்ல சிகிச்சையே. தசை பழகப் பழக வலுக்கிறது. வலி நிறுத்தும் வழியோ பழகப் பழக மங்குகிறது.

பெரிய மாற்றம் இனிமேல் சொல்லப்போவது. 2016-ல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, இடுப்பு வலிக்கு டென்ஸும் ஐ.எஃப்.டி.யும் தர வேண்டாம், பயிற்சியை முன்னிறுத்துங்கள் என்று வழிகாட்டியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீடு தேடி வருகிறது. ஒலக்கூர், மயிலம் பக்கத்துக் கிராமத்தில் பக்கவாதத்தில் படுத்தவரின் கையைத் தூக்கி இறக்கக் கற்றுத்தரும் அந்த வருகை, எந்த மெஷினையும்விடப் பெரிது என்பேன். அதே சமயம் கைக்கடக்கமான டென்ஸ் மெஷின் ஆன்லைனில் வந்து இறங்குகிறது. டிவி பார்த்தபடி மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டு, தினம் ஒரு படி ஏற்றி, கடைசியில் "இது சரியில்லை" என்று அலமாரியில் போடுகிறார்கள். மெஷின் கெட்டுப்போயிருக்காது, உடம்பு பழகியிருக்கும்.

கரண்ட் வலியைக் குறைக்கிற அந்தச் சிறிது நேரம், காலை மடக்கவும் எழுந்து நடக்கவும் கிடைக்கும் நேரம். அதைப் படுத்தே கழித்தால் மறுநாள் மறுபடியும் முதலிலிருந்துதான். அடுத்த முறை பேட் வைத்ததும் உணர்வு மங்கினால் பிசியோவிடம் சொல்லுங்கள், குமிழை நீங்களே தொடாதீர்கள். பேஸ்மேக்கர் இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, பாதம் மரத்திருந்தாலோ பேட் வைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பேட்டைக் கழற்றியதும் எழுந்து புறப்படாமல், "இன்னிக்கு என்ன பயிற்சி?" என்று கேட்டு, அதைச் செய்துவிட்டு வாருங்கள்.