இரத்தப் பரிசோதனையும் ஆயுள் இன்ஷூரன்ஸும்

ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிஸி எடுக்க முன்வருபவரிடம் முதலில் வயதைக் கேட்கிறார்கள். பிறகு வருமானத்தைக் கேட்கிறார்கள். தொகை சற்றுப் பெரிதாயின் இரத்தத்தையும் கேட்கிறார்கள். வயதுக்கும் வருமானத்துக்கும் தயங்காமல் விடை சொல்லும் நம்மவர், இரத்தம் என்றதும் மனங்கலங்குகின்றனர். "கொழுப்பு அதிகம் என்று வந்துவிட்டால் பாலிஸி கிடையாதாமே?" என்று கேட்பவர்களை ரயில்வே குமாஸ்தாவாகிய நான் அலுவலகத்திலும் குடியிருப்பிலும் அடிக்கடி காண்கிறேன். இந்த அச்சத்தால் சிலர் பாலிஸியே எடுப்பதில்லை; வேறு சிலர் இருக்கும் நோயை மறைத்து எடுக்கின்றனர். இரண்டாவது வழி முதலாவதினும் கேடானது. அஃது எவ்வாறு என்பதை நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாலக்காட்டுப் பக்கம் வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் முதலிய இடங்களிலும், இடுக்கிப் பக்கம் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, குமுளி ஆகிய மலையூர்களிலும் வாழும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் ஒருவர் கைச் சம்பாத்தியத்தை நம்பியவை. அக்கை ஓய்ந்துவிட்டால் தாங்கிக்கொள்ள அண்டையில் உற்றார் இல்லை. தோட்டத்து வீடாயினும் குவார்ட்டர்ஸாயினும் வேலையோடு வந்தது வேலையோடு போய்விடும். ஆகவே பிறருக்கு இன்ஷூரன்ஸ் ஒரு சேமிப்பு எனில், நமக்கு அது குடும்பத்தின் கூரை.

இன்ஷூரன்ஸ்காரர்கள் இரத்தத்தை ஏன் ஆராய வேண்டும்? ஆயிரம் பேர் சிறிது சிறிதாகப் பணம் போட்டு ஒரு பொது நிதி வைக்கின்றனர். அவர்களுள் அகால மரணம் எய்துவோரின் குடும்பத்துக்கு அந்நிதியிலிருந்து கொடுக்கப்படுகிறது. ஆபத்து மிகுந்தவரும் குறைந்தவரும் ஒரே பிரீமியம் கட்டினால் நியாயம் தவறும். ஆதலின் ஒவ்வொருவருடைய ஆபத்தையும் அளக்க ஒரு கணக்கு வேண்டியிருந்தது. நியூயார்க் லைஃப் கம்பெனியைச் சேர்ந்த டாக்டர் ஆஸ்கார் ராஜர்ஸ், கணக்கியல் வல்லுநர் ஆர்தர் ஹண்டர் ஆகிய இருவரும் 1919-ல் வெளியிட்ட எண்முறையே இன்றுள்ள வழக்கத்துக்கு அடிப்படை. சராசரி மனிதனுக்கு 100 என்று வைத்துக்கொண்டு, குறைகளுக்கு எண் கூட்டி, நல்ல அம்சங்களுக்கு எண் கழிப்பது அம்முறை. உதாரணமாக, கொழுப்புக்கு 25, சர்க்கரைக்கு 50, உடற்பருமனுக்கு 25 என்று கூட்டினால் 200 வரும். இத்தகையவர் கூட்டத்தில் சராசரியைப் போல் இருமடங்கு மரணம் எதிர்பார்க்கலாம் என்பது இதன் பொருள். இவ்வெண்கள் விளக்கத்துக்காகச் சொன்னவை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி அட்டவணை உண்டு.

பரிசோதனைத் தாளில் காணும் கணக்கை இனிப் பார்ப்போம். இருதய சம்பந்தமாக முதலில் நோக்கப்படுவது 'லிப்பிட் புரொபைல்' எனப்படும் கொழுப்புச் சோதனை. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் 200 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பது நன்று. 240-ம் அதற்கு மேலும் அதிகம். எல்.டி.எல். என்பது இரத்தக் குழாயின் சுவரில் படியும் கொழுப்பு; அது 100-க்குக் கீழிருப்பது உத்தமம், 160-ஐத் தொட்டால் அதிகம். எச்.டி.எல். நல்ல கொழுப்பு எனப்படுவது. ஆண்களுக்கு 40-க்கும், பெண்களுக்கு 50-க்கும் குறைதல் ஆகாது. டிரைகிளிசரைட் 150-க்குள் இருக்கவேண்டும். நிறுவனங்கள் பெரும்பாலும் தனி எண்ணை மட்டும் பார்ப்பதில்லை, மொத்தத்தை எச்.டி.எல். அளவால் வகுத்து வரும் விகிதத்தையும் பார்க்கின்றன. இருவருக்கும் மொத்தம் 220 என்று கொள்வோம். ஒருவரது நல்ல கொழுப்பு 55 ஆயின் விகிதம் 4. மற்றவரது 40 ஆயின் 5.5. மொத்தம் ஒன்றேயாயினும் இரண்டாமவருக்கே ஐயம் மிகும்.

கொழுப்போடு சர்க்கரையும் சேர்த்துப் பார்க்கப்படுகிறது. எச்.பி.ஏ1சி என்னும் சோதனை முந்திய இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது, 6.5 சதவீதமும் மேலும் நீரிழிவு, 5.7 முதல் 6.4 வரை அதன் வாயில். சோதனைக்கு முதல் நாள் மட்டும் இனிப்பை ஒதுக்கி இதனை ஏமாற்ற இயலாது. கோட்டினின் என்பது மற்றொன்று. புகையிலையிலுள்ள நிக்கோட்டின் உடலில் சென்று மாறுவதால் உண்டாவது அது. பீடி, சிகரெட் மட்டுமன்று, வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் இதில் தெரிந்துவிடும். "நான் புகைப்பவன் அல்லன், வெற்றிலை போடுபவன்தானே" என்று எண்ணிப் புகையிலைக் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதும் தோட்டத்துத் தோழர்கள் இதனைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

நம் நாட்டாரின் இரத்தத்தை இவ்வளவு கூர்ந்து நோக்குவதற்கும் காரணம் உண்டு. கொட்டாரக்கரையிற் பிறந்து கனடா நாட்டில் பணியாற்றும் டாக்டர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த 'இண்டர்ஹார்ட்' ஆய்வின் முடிவுகள் 2004-ல் வெளிவந்தன. கொழுப்பின் கேடு, புகையிலை, நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலிய 9 காரணங்களே முதல் மாரடைப்புகளில் மிகப் பெரும்பாலானவற்றை விளக்குகின்றன என்பது அதன் முடிபு. தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. ஏனையோருக்கு ஏறத்தாழ 59 என்று 2007-ல் வெளியான அதன் தொடர்க் கட்டுரை காட்டிற்று. ஆறாண்டு முன்னதாக வருகிறது நோய். பிள்ளைகளின் படிப்பு முடியாத வயது அது.

தாளில் ஓர் எண் சிவப்பு மையில் வந்துவிட்டால் விண்ணப்பம் ஒழிந்தது என்று எண்ணுதல் தவறு. முடிவுகள் ஐவகைப்படும்: சாதாரணப் பிரீமியத்தில் ஏற்றல், கூடுதல் பிரீமியத்தில் ஏற்றல், தொகையையோ காலத்தையோ குறைத்து ஏற்றல், சில காலம் ஒத்திவைத்தல், மறுத்தல். கொலஸ்ட்ரால் மட்டும் சிறிது மிகுந்து, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சீராயிருப்பவர் பெரும்பாலும் முதல் இரண்டினுள் அடங்குவார். மருந்துண்டு நோயைக் கட்டுக்குள் வைத்திருப்பவர், நோயை அறியாதிருப்பவரினும் நல்ல நிலையிலேயே கருதப்படுவார். அண்மையில் மாரடைப்பு வந்தவரையே ஒத்திவைக்கவோ மறுக்கவோ செய்வர்.

இனி, மறைப்பதன் கேட்டைச் சொல்கிறேன். 1956 செப்டம்பர் 1-ல் 245 நிறுவனங்களை ஒன்றாக்கி எல்.ஐ.சி. தோன்றிற்று. இரண்டே மாதத்தில், நவம்பர் 1-ல், மாநிலங்கள் மொழிவழிப் பிரிந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன, சென்னை மாநிலத்திலிருந்த பாலக்காடும் கேரளத்தைச் சேர்ந்தது. மாநிலங்களுக்கு எல்லை வந்தது, இன்ஷூரன்ஸுக்கு வரவில்லை. கோயமுத்தூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டு பாலக்காட்டில் பாலிஸி எடுப்பவரும், தேனியில் மருந்து வாங்கிக்கொண்டு மூணாற்றில் விண்ணப்பிப்பவரும் நம்மிடையே பலர். "அங்கத்திய சீட்டு இங்கே யாருக்குத் தெரியப்போகிறது?" என்று ஏஜெண்டுகளுள் சிலரும் தைரியம் சொல்வதுண்டு. பாலிஸி எடுத்த சில காலத்திற்குள் மரணம் நேர்ந்தால் நிறுவனம் விசாரணைக்கு ஆள் அனுப்பும். அவர் எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள ஆஸ்பத்திரிப் பதிவுகளைத் தேடுவார்.

1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45-ஆவது பிரிவு 2015-ல் திருத்தப்பட்டது. அதன்படி, பாலிஸி வழங்கி மூன்றாண்டு கடந்தபின் எக்காரணத்தாலும் அதனை மறுக்க இயலாது. மூன்றாண்டுக்குள்ளாயின், முக்கிய விவரத்தை மறைத்ததாகவோ மோசடி செய்ததாகவோ காட்டி மறுக்கலாம். மோசடியல்லாத பிழையெனில் கட்டிய பிரீமியத்தையேனும் 90 நாட்களுக்குள் திருப்பித் தரவேண்டும். மோசடி என்று நிறுவனம் குற்றஞ்சாட்டி, பாலிஸிதாரர் உயிரோடு இல்லாவிடில், அது மோசடியன்று என்று காட்டும் பாரம் நாமினியைச் சாரும். கணவன் ஏஜெண்டிடம் என்ன சொன்னான், படிவத்தில் என்ன எழுதப்பட்டது என்பதை அறியாத மனைவி அப்பாரத்தை எங்ஙனம் சுமப்பாள்? தவணை தவறிக் காலாவதியான பாலிஸியைப் புதுப்பித்தால் அந்நாளிலிருந்து மூன்றாண்டு மீண்டும் தொடங்கும் என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும்.

உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகள் இதற்குச் சான்று. 1962-ல் முடிந்த மிதூலால் நாயக் வழக்கில், பாலிஸிதாரர் அதற்குச் சிறிது காலத்துக்கு முன் இரத்தசோகைக்குத் தீவிர சிகிச்சை பெற்றதை மறைத்திருந்தார், பணம் கிடைக்கவில்லை. 2021 டிசம்பரில் முடிந்த மன்மோகன் நந்தா வழக்கு வெளிநாட்டுப் பயண மருத்துவப் பாலிஸியைப் பற்றியது. அவர் தமக்குள்ள நீரிழிவை முன்னரே தெரிவித்திருந்தார். அமெரிக்காவில் இறங்கியதும் மாரடைப்பு வந்தது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து உண்டதைச் சொல்லவில்லை என்று நிறுவனம் மறுத்தது. நீதிமன்றம் அதனை ஏற்காது அவர் பக்கமே தீர்ப்பளித்தது. நோயைச் சொன்னவர், எண் மோசமாயினும் வென்றார். சொல்லாதவர் தரப்புத் தோற்றது. ரயிலில் அதிக மூட்டையை முன்னதாகப் பதிவு செய்பவர் சிறிது கூலியோடு போய்விடுகிறார். பதியாமல் ஏற்றி வழியில் அகப்படுபவர் பல மடங்கு கட்டுகிறார். இன்ஷூரன்ஸில் வழியில் அகப்படுவது நாமல்லர். நம் மனைவி மக்கள்.

ஆதலின் சில காரியங்களைச் செய்துகொள்வோமாக. இரத்தம் கொடுப்பதற்கு முன் 10 முதல் 12 மணி நேரம் உணவின்றி இருத்தல் வேண்டும், தண்ணீர் பருகலாம். காய்ச்சலோடு போகவேண்டாம். டாக்டரைக் கேளாமல் வழக்கமான மருந்தை நிறுத்தவும் வேண்டாம். படிவத்தை ஏஜெண்டே நிரப்பினாலும், ஒவ்வொரு கேள்வியையும் தமிழிற் சொல்லச் செய்து கேட்டபின் கையொப்பமிடுக. மலையாளமோ ஆங்கிலமோ தெரியாதென்று கூச்சப்பட வேண்டுவதில்லை. விவரம் விளக்கிச் சொல்லப்பட்டது என்று மற்றொருவர் உறுதியெழுதும் இடம் படிவத்திலேயே உண்டு. முன்பு ஒரு விண்ணப்பம் மறுக்கப்பட்டிருந்தால் அதனையும் எழுதுக. பாலிஸி கைக்கு வந்ததும் உடன் வரும் படிவ நகலைப் படித்துப் பிழையிருப்பின் உடனே எழுதித் திருத்துக. பிடிக்கவில்லையெனில் 30 நாட்களுக்குள் திருப்பிவிடவும் உரிமையுண்டு.

பரிசோதனையே இல்லாத வழியும் ஒன்றுண்டு. 2015-ல் தொடங்கிய பிரதமர் ஜீவன் ஜோதி திட்டத்தில் பாங்குக் கணக்குள்ள 18 முதல் 50 வயதினர் ஆண்டுக்கு 436 ரூபாய் கட்டிச் சேரலாம். 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். சேர்ந்த முதல் 30 நாட்களில் விபத்தல்லாத மரணத்துக்குப் பணம் இல்லை. கிளெய்ம் அநியாயமாக மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுதி, ஒரு மாதத்தில் பயனில்லையேல் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் முறையிடலாம். நிறுவனத்தின் மறுப்பு வந்த ஓராண்டுக்குள் செல்லவேண்டும். கேரளத்தில் வசிப்போர்க்குக் கொச்சியிலும், குடும்பம் தமிழ்நாடு திரும்பியிருப்பின் சென்னையிலும் அலுவலகம் உள்ளது. கட்டணமில்லை, வக்கீலும் வேண்டியதில்லை, 50 லட்சம் ரூபாய் வரை அங்குத் தீர்வு பெறலாம்.

இறுதியாக ஒன்று. நிறுவனம் எடுத்த பரிசோதனையின் நகலைக் கேட்டு வாங்கி, அதனை ஒரு டாக்டரிடம் காட்டுக. பிரீமியம் கூடிற்று என்று வருந்துவோர், பிரீமியத்தைக் கூட்டிய அந்த எண் தம் இருதயத்தைப் பற்றிச் சொல்வதைக் கேளாமல் விட்டுவிடலாகாது. கொழுப்பு குறைந்து சில காலம் நிலையாயிருந்தால் கூடுதல் பிரீமியத்தை மறுபரிசீலனை செய்யும்படி நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கலாம். இந்தத் தாளையும், பாலிஸியையும், வைத்தியச் சீட்டுகளையும் ஒரே உறையிலிட்டு, அது எங்கிருக்கிறது என்பதை வீட்டம்மாளிடம் இன்றே சொல்லிவைத்தல் நலம்.