துருவுக்கும் உண்டு ஜாதகப் பொருத்தம்!

வீட்டில் உங்களுக்குப் பெண் பார்க்கிறார்களா? அப்படியானால் இந்த விஷயம் சட்டென்று புரியும். பார்த்து முடித்துவிட்டவர்களுக்கு இன்னும் சீக்கிரம் புரியும்.

உலோகத்துக்கும் ஒரு ரசாயன மூலக்கூறுக்கும் பொருத்தம் பார்க்கிறார்கள். தரகர், கம்ப்யூட்டர். எதற்கு? துரு பிடிக்காமல் இருக்க! 2013-ல் உலகம் முழுக்க உலோக அரிப்பால் போன பணம் இரண்டரை லட்சம் கோடி டாலர் என்று ஒரு கணக்கு. (உங்க பைக் சைலன்ஸர் தனி!)

தண்ணீரும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் உலோகம் தன் எலெக்ட்ரான்களைப் பறிகொடுத்துக் கரைகிறது. அதுதான் அரிப்பு. தடுக்க, முன்பெல்லாம் தண்ணீரில் குரோமேட் கலப்பார்கள். நன்றாகவே வேலை செய்யும்; ஆனால் விஷம். கலிஃபோர்னியாவில் ஹிங்க்லி என்று ஒரு சின்ன ஊர். அங்கே காஸ் கம்பெனி ஒன்று தன் குளிரூட்டும் கோபுரங்களில் 1952 முதல் 1966 வரை இதைத்தான் போட்டது. கழிவு நிலத்தடி நீரில் இறங்கியது. 1996-ல் ஊர்க்காரர்களுக்கு நஷ்டஈடு 33 கோடியே 30 லட்சம் டாலர். ஜூலியா ராபர்ட்ஸ் நடித்து 2000-ல் படமாகக்கூட வந்துவிட்டது.

மாற்று என்ன? நைட்ரஜன், கந்தகம் உள்ள கரிம மூலக்கூறுகள். தண்ணீரில் கொஞ்சம் கலந்தால் போதும், உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு போர்வை மாதிரி மூடிவிடும். ஆனால் எதை எடுப்பது? ஒவ்வொன்றாக ஊறப்போட்டுப் பார்த்தால் ஆயுசு போதாது.

அதனால்தான் கம்ப்யூட்டர். மூலக்கூறை ஒரு அடுக்குமாடி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் இருக்கும் மாடிகளில் உயரமானது 'ஹோமோ'. அங்கே இருக்கிற எலெக்ட்ரானைக் கொடுக்கலாம். அதற்கு மேல் காலியாக இருக்கும் முதல் மாடி 'லூமோ'. அங்கே வாங்கி வைக்கலாம். இரண்டுக்கும் இடைவெளி குறைவா? 'பொருத்தம் பேஷ்' என்று ஏராளமான ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்தன. மேஜைக் கம்ப்யூட்டரிலேயே போட்டுவிடலாமே, கேட்பானேன்!

சிக்கல் இங்கேதான். ஜாதகத்தில் மாமனார் வீடு, வாடகை, ஆபீஸ் எதுவும் எழுதியிருக்காது இல்லையா?

ஸ்லோவேனியாவின் லூப்லியானா நகரில் ஆன்டன் கோகல்ய் குழுவினர் 2010-ல் செம்பை எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளைகளில் ஒருவர் பென்ஸோட்ரையஸோல். மியூசியங்களில் பழைய வெண்கலச் சாமான்களைக் காப்பாற்றுகிறவர். இன்னொருவர் அவரேதான், கூடுதலாக ஒரு ஆக்ஸிஜன், அவ்வளவே. உப்புத் தண்ணீரில் முதல்வர் கெட்டிக்காரர், இரண்டாமவர் சுத்த மோசம். அணு வித்தியாசம் ஒன்றே ஒன்று!

கணக்கு போட்டார்கள். வெற்றிடத்தில் பார்த்தால் இரண்டாமவரும் செம்பைக் கெட்டியாகத்தான் பிடிக்கிறார். கணக்கில் தண்ணீரைச் சேர்த்ததும் பிடி தளர்ந்துவிடுகிறது. முதல்வரோ ஒரு ஹைட்ரஜனைக் கழற்றிவிட்டு நைட்ரஜனால் செம்பைக் கவ்வுகிறார். அதோடு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்கின்றன. கூட்டுக் குடும்பம்! ஒற்றை ஆளின் ஹோமோ, லூமோவை மட்டும் பார்த்தால் இது எப்படித் தெரியும்? அது போதாது என்று கோகல்ய் அந்த வருஷமே எழுதினார்.

ஆகவே செம்புப் பரப்பு, தண்ணீர், உப்பு என்று மொத்தக் குடும்பத்தையும் கணக்கில் ஏற்ற வேண்டியிருக்கிறது. இதற்கு மேஜைக் கம்ப்யூட்டர் தாங்காது. பெரிய மெஷின்களில் நாள்கணக்காக ஓடும். அத்தனையும் முடிந்தபிறகும், ஒரு செப்புத் தகட்டை உப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.