பரணில் கிடக்கும் வீணையைக் கீழே இறக்குங்கள்!

"பெண்ணுக்குப் பாட்டு தெரியுமா?" என்று பிள்ளை வீட்டார் கேட்பார்களே, அந்த ஒரு கேள்விக்காகவே நம்மில் பலர் சின்ன வயசில் பாட்டோ வீணையோ கற்றுக் கொண்டோம். வந்தவர்கள் சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டார்கள், ஒரு பாட்டுக் கேட்டார்கள், தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். கல்யாணம் ஆயிற்று. வந்த வேலை முடிந்தது என்று வீணையும் பரண் ஏறிவிட்டது!

இன்னும் பலருக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. அண்ணன் தம்பி படிப்புக்கே பணம் போதாத வீட்டில் வீணைக்கு எங்கே போவது? ரேடியோவில் கேட்டு ஏங்கியதோடு சரி.

இப்போது பிள்ளைகள் தலையெடுத்து விட்டார்கள். பகலில் அரைமணி நேரம் நமக்கென்று கிடைக்கிறது. ஆனால் மனசு மட்டும், "இந்த வயசிலே என்னத்துக்கு?" என்கிறது. சகோதரிகளே, இந்த வயசில்தான் அது நமக்கே நமக்காக! இனி யாரும் பெண் பார்க்க வரப் போவதில்லை. யாரிடமும் பாஸ் மார்க் வாங்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். நாம் முதல் பாடமாக வாசிக்கிற சரளி வரிசையை வகுத்தவர் என்று போற்றப்படும் புரந்தரதாசர் (1484–1564), நடுவயது வரை பெரிய வியாபாரியாக இருந்தவர் என்றுதான் வழிவழியாகச் சொல்கிறார்கள்.

ஏன் வீணை?

குரல் ஒத்துழைக்காதவர்களுக்கு வீணை ஒரு வரப்பிரசாதம். அதில் 24 மெட்டுக்கள் இருக்கின்றன. ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு வீதம் இரண்டு ஸ்தாயி. எந்த ஸ்வரம் எந்த மெட்டில் என்பது நிலையானது. ஆகவே புதிதாகக் கற்கிறவருக்கும், மெட்டுக்கள் சரியாக இருந்தால், ஸ்வரம் இடம் மாறிப் போகாது. கமகத்துக்காகத் தந்தியை இழுத்து வாசிப்பதெல்லாம் பிறகு வரும்.

ஆரம்பப் பாடங்கள் மாயாமாளவகௌளை ராகத்தில் இருப்பதிலும் ஒரு சௌகரியம் உண்டு. 'ஸ ரி க ம' என்ற நான்கும் என்னென்ன இடைவெளியில் இருக்கின்றனவோ, அதே இடைவெளியில்தான் 'ப த நி ஸ' என்ற நான்கும் இருக்கின்றன. பாதி தெரிந்தால் மீதியும் வந்தமாதிரிதான். சரளி, ஜண்டை, தாட்டு வரிசைகள், ஏழு தாள அலங்காரங்கள் முடிந்து மலஹரி ராகத்தில் பிள்ளையார் கீதம் வரும்போது அது புதிதாகவே தோன்றாது. ஏனென்றால் மலஹரி அந்த மாயாமாளவகௌளையில் பிறந்த ராகம்தானே!

பழைய வீணை இருந்தால்

பலா மரத்தில் செய்த நல்ல வீணை முப்பது வருஷம் பரணில் கிடந்தாலும் வீணாகிவிடாது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணைக்கு அந்த மரம்தான் உயிர். துருப் பிடித்த தந்திகளை மாற்ற வேண்டும். வாசிக்கிற தந்தி நாலு, தாளத் தந்தி மூன்று, ஆக ஏழு. மெட்டுக்களைத் தாங்குகிற மெழுகு வெயிலில் இளகியோ வெடித்தோ இருக்கும். அதைச் சரிசெய்து மெட்டுக்களை இடம் பார்த்து வைப்பதற்கு 'மேளம் கட்டுவது' என்று பெயர். தெரிந்தவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். நாமே கை வைக்கக் கூடாது.

விரலும் முழங்காலும்

முதல் சில வாரங்கள் இடது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தந்தி கோடு கோடாகப் பதிந்து வலிக்கும். பயப்பட வேண்டாம். தோல் தடித்ததும் வலி நின்றுவிடும். பாத்திரம் தேய்த்துவிட்டு ஈரக் கையோடு உட்காராதீர்கள். நீரில் ஊறிய தோல் அதிகமாக வலிக்கும், தந்தியும் துருப் பிடிக்கும். விரல் நுனியில் துளி தேங்காய் எண்ணெய் தடவிக் கொண்டால் வழுக்கிப் போகும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்தியைத் துடைத்து வையுங்கள்.

சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு விரலில் உணர்ச்சி மந்தமாக இருக்கலாம். தினமும் விரலில் வெட்டுக்காயம் இருக்கிறதா என்று பாருங்கள். மூட்டு வலிக்காரர்கள் சப்பணமிட்டு இருபது நிமிஷத்துக்கு மேல் உட்கார வேண்டாம். நாற்காலியில் இருந்தபடி வாசிக்க ஸ்டாண்டுகள் இப்போது கிடைக்கின்றன.

நேரமும் பணமும்

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிடத் தினமும் இருபது நிமிஷம் வாசிப்பது மேல். நான் 43 வயதில் தொடங்கியபோது மாலை நேரத்தைத்தான் வைத்துக் கொண்டேன். "சீரியல் நேரத்திலேதான் இவளுக்கு வீணை!" என்று என் மாமியார் முணுமுணுத்தார். சரி என்று காலை பதினொரு மணிக்கு மாற்றிக் கொண்டேன். நேரத்தைத்தான் மாற்றினேன், வீணையை விடவில்லை!

எனக்குச் சொல்லித் தருகிற பெண் என் மகளைவிட இரண்டே வயது பெரியவள். "டீச்சர்" என்றுதான் கூப்பிடுகிறேன். அதில் என்ன குறைச்சல்? தாளக் கணக்கு நமக்குச் சட்டென்று புரிந்துவிடும், விரல்தான் மெதுவாக வரும். அந்தப் பொறுமையை ஆசிரியரிடம் முதலிலேயே கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். செல்போன் வழியாகவும் கற்கலாம். ஆனால் சத்தம் சற்றுத் தாமதமாக வருவதால் இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. அவர் வாசித்து முடித்த பிறகுதான் நாம் வாசிக்க வேண்டும்.

பாடத்துக்கான பணத்தை மளிகைச் செலவில் மிச்சம் பிடித்து ஒளித்து வைத்துக் கட்டாதீர்கள். பிள்ளையின் டியூஷனுக்குக் கேட்கிற மாதிரியே வீட்டுக்காரரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். மறைத்துக் கட்டினால் வாசிக்கும்போதும் குற்றவாளி மாதிரிதான் வாசிப்போம்.

கைக்குழந்தைக்காரிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. இப்போது பாடம் தொடர முடியாமல் இருக்கலாம். ஆனாலும் குழந்தை தூங்கும்போது பத்து நிமிஷம் கை வைத்து விடுங்கள். அப்படியே உங்கள் அம்மாவிடமும், "உனக்கு என்ன வாசிக்க ஆசை?" என்று கேட்டுப் பாருங்கள். இதுவரை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

"கற்று என்ன, மேடை ஏறப் போகிறேனா?" என்பவர்களுக்கு வீணை தனம்மாள் (1867–1938) நினைவுக்கு வரட்டும். சென்னை ஜார்ஜ் டவுனில் வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டிலேயே சின்னக் கூட்டத்துக்கு அவர் வாசித்ததைக் கேட்கப் பெரிய வித்வான்களே வந்து உட்காருவார்களாம். வீணையின் நாதம் ஒரு சின்ன அறைக்குப் போதும். நம்மிடம் அந்த அறை இருக்கிறது.

விஜயதசமி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே மேளம் கட்டுகிறவரை விசாரியுங்கள். முதல் நாள் 'ஸ' ஒன்று சுத்தமாக ஒலித்தாலும் அன்றைய பாடம் ஆயிற்று.